வேர்ட்பிரஸ் நிறுவும்போது கோப்புறை அனுமதி: ஐந்து வழிகளில் எது உங்களுக்கு?

வாடகைக்கு எடுத்த சிறிய லினக்ஸ் சர்வரில், இணையத் தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவி முடித்துவிட்டு, முதல் படத்தைப் பதிவேற்றும்போது பலருக்கும் ஒரு செய்தி வரும்: கோப்புறையை உருவாக்க முடியவில்லை, அதன் மேல்நிலைக் கோப்புறையில் சர்வரால் எழுத முடிகிறதா? இன்னும் சிலருக்குப் படம் ஏறிவிடும். ஆனால் பிளகின் (கூடுதல் வசதி தரும் செருகு நிரல்) ஒன்றைச் சேர்க்கப் போனால் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற முறை) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வந்து நிற்கும். இரண்டுக்கும் இணையத்தில் உடனே கிடைக்கும் விடை ஒன்றே: முழுக் கோப்புறைக்கும் 777 என்ற அனுமதி எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த விடையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதற்கு மாற்றாக 755 என்று வேறோர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் உதவாது. ஒரே 755 ஒரு சர்வரில் பாதுகாப்பாகவும், இன்னொன்றில் திறந்த கதவாகவும், மூன்றாவதில் எதுவுமே வேலை செய்யாத நிலையாகவும் இருக்கக்கூடும். கோப்புகள் யார் பெயரில் இருக்கின்றன, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பி யார் பெயரில் ஓடுகிறது, தளத்தை இனி யார் புதுப்பிக்கப் போகிறார்கள் ஆகிய மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே எண்ணுக்குப் பொருள் வருகிறது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். கோப்புக்கு இது எளிதாகப் புரியும். குழப்பம் கோப்புறையில்தான். கோப்புறைக்கு ‘இயக்க’ அனுமதி என்றால் அதன் வழியாக உள்ளே நுழைய அனுமதி. ‘எழுத’ அனுமதி என்றால் அதற்குள் புதிய கோப்பை உருவாக்கவும், இருப்பதை நீக்கவும், பெயர் மாற்றவும் அனுமதி. உள்ளே இருக்கும் கோப்பு உங்களுக்குச் சொந்தமில்லாவிட்டாலும், அதில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும், கோப்புறையில் எழுத முடிந்தால் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்புக்கு 400 கொடுத்துப் பூட்டியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள், அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையில் வெப் சர்வரால் (பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் மென்பொருளால்) எழுத முடிகிறதா என்பதைப் பார்ப்பதே இல்லை. எழுத முடிந்தால் அந்தக் கோப்பைப் படிக்கக்கூட வேண்டாம், மாற்றி வைத்துவிடலாம். எல்லோரும் எழுதும் தற்காலிகக் கோப்புறைக்கு 1777 என்று முன்னால் ஓர் இலக்கம் கூடுதலாக இருப்பது இதனால்தான். அந்த 1 இருந்தால் ஒருவர் கோப்பை இன்னொருவர் நீக்க முடியாது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். சர்வரில் நீங்கள் ஒரு பயனர், வெப் சர்வர் இன்னொரு பயனர். உபுண்டுவிலும் டெபியனிலும் அந்தப் பயனரின் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, எண் 33. ரெட் ஹாட் குடும்பத்தில் அப்பாச்சி என்ற வெப் சர்வரை வைத்திருந்தால் பெயரும் அப்பாச்சி. நீங்கள் உங்கள் பெயரில் நுழைந்து வேர்ட்பிரஸ் பொதியை விரித்தால் எல்லாக் கோப்புகளும் உங்களுடையவை. பிஎச்பியோ வெப் சர்வரின் பெயரில் ஓடுகிறது. மேலே சொன்ன இரண்டு செய்திகளும் இந்த இடைவெளியிலிருந்து பிறப்பவை. அதை எப்படி அடைப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

எல்லோருக்கும் 777

இது உண்மையில் ஒரு வழியே இல்லை. ஆனாலும் பெரும்பாலானோர் எடுப்பது இதைத்தான் என்பதால் நின்று பேச வேண்டியிருக்கிறது.

சர்வரில் உள்ள எந்தப் பயனரும், எந்தச் சேவையும் உங்கள் தளத்தின் நிரலை மாற்றலாம் என்பது தெரிந்த ஆபத்து. பலருக்குத் தெரியாதது, 777 தானாகப் பரவும் என்பது. வேர்ட்பிரஸ் பதிவேற்றங்களுக்கு ஆண்டு, மாதக் கோப்புறைகளை உருவாக்கும்போது மேல்நிலைக் கோப்புறையின் அனுமதியைப் பார்த்து அதையே புதியதற்கும் கொடுக்கிறது. பதிவேறும் கோப்புக்கும் அது போய்ச் சேரும் கோப்புறையிலிருந்தே அனுமதியைக் கணக்கிடுகிறது. 777 கோப்புறையில் விழும் படம் 666 ஆகிறது. தளத்தின் மூலக் கோப்புறையே 777 என்றால், புதுப்பிப்பின்போது உருவாகும் கோப்புறைகளும் அப்படியே. இன்று ‘சும்மா சோதித்துப் பார்க்க’க் கொடுத்த 777 அடுத்த ஆண்டு நூற்றுக்கணக்கான கோப்புறைகளில் உட்கார்ந்திருக்கும். மேலே உள்ள ஒன்றை மட்டும் பிறகு திருத்தினால் போதாது.

இதைவிட வேதனையானது, 777 கொடுத்தாலும் எஃப்டிபி திரை பெரும்பாலும் போகாது என்பது. வேர்ட்பிரஸ் நேரடியாக எழுதலாமா என்று முடிவு செய்ய, தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதிப் பார்க்கிறது. பிறகு அந்தக் கோப்பின் உரிமையாளரும் தன் நிரல் கோப்பின் உரிமையாளரும் ஒருவரா என்று ஒப்பிடுகிறது. ஒருவர் இல்லையென்றால், எழுத முடிந்தாலும் எஃப்டிபி கேட்கிறது. அது பார்ப்பது உரிமையாளரை. நீங்கள் மாற்றியதோ அனுமதி எண்ணை. ஆக, பாதுகாப்பை விற்றும் கேட்டது கிடைக்கவில்லை.

சில பகிர்வு ஹோஸ்டிங் சர்வர்களில் இது வேறு விதமாகவும் தோற்கும். நிரலை வேறொரு பயனரின் பெயரில் இயக்கும் அப்பாச்சியின் சூஎக்செக் போன்ற ஏற்பாடுகள், நிரலோ அது இருக்கும் கோப்புறையோ மற்றவர்களால் எழுதக்கூடியதாக இருந்தால் அதை இயக்கவே மறுத்துவிடும். பார்ப்பவருக்கு 500 பிழை மட்டும் தெரியும். பிழையைத் தீர்க்கக் கொடுத்த 777 புதிய பிழைக்குக் காரணமாகியிருப்பதை உணராமல், இன்னும் பல கோப்புறைகளுக்கு அதையே கொடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பதிவேற்றக் கோப்புறை உட்பட எந்தக் கோப்புறைக்கும் 777 கொடுக்காதீர்கள் என்று வேர்ட்பிரஸின் ஆவணங்களே சொல்கின்றன.

எல்லாவற்றையும் வெப் சர்வரின் பெயருக்கு மாற்றுவது

இரண்டாவது வழி, முழுக் கோப்புறையின் உரிமையையும் வெப் சர்வரின் பயனருக்கே மாற்றி எழுதிவிடுவது. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644. ஒரே கட்டளை, உடனே எல்லாம் ஓடும். பதிவேற்றம், பிளகின், தீம், தானியங்கிப் புதுப்பிப்பு எதற்கும் தடை இல்லை. எஃப்டிபி திரையும் வராது, ஏனென்றால் உரிமையாளர் ஒருவரே.

எண்ணைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும் என்பதே இதன் குறை. 755 என்பதில் எழுதும் அனுமதி உரிமையாளருக்கு மட்டும்தான். ஆனால் அந்த உரிமையாளர்தான் இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் நிரலை இயக்குபவர். ஏதோ ஒரு பிளகினில் ஓட்டை வழியாக யாராவது நுழைந்தால், அவர் நுழைவது அந்தப் பயனராகத்தான். அந்த நொடியில் தளத்தின் ஒவ்வொரு நிரல் கோப்பையும் அவர் திருத்தலாம். அமைப்புக் கோப்பை 400 ஆக்கி வைத்திருந்தாலும் பயனில்லை. உரிமையாளர் தன் கோப்பின் அனுமதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே சர்வரில் இதேபோல மூன்று நான்கு தளங்கள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லாம் ஒரே பயனரின் பெயரில் இருப்பதால், கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய தளம் ஒன்றில் நுழைந்தவர் மற்ற எல்லாவற்றிலும் நுழைந்துவிட்டார். ஒரு தளத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் பக்கத்துத் தளத்திலிருந்து அது மறுபடி கெடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆயினும் இதை முற்றாக ஒதுக்க எனக்கு மனம் இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நிரல் உங்களுடையது, பதிவேற்றம் மட்டும் வெப் சர்வருக்கு

மூன்றாவது வழியே நான் பெரிதும் விரும்புவது. நிரல் கோப்புகள் அனைத்தும் உங்கள் பெயரில் இருக்கும், வெப் சர்வர் அவற்றைப் படிக்க மட்டும் செய்யும். உள்ளடக்கக் கோப்புறைக்குள் இருக்கும் பதிவேற்றக் கோப்புறையில் மட்டும் அது எழுதும். அமைப்புக் கோப்பு உங்கள் பெயரில், குழு வெப் சர்வருடையது, அனுமதி 640. இதனால் வெப் சர்வர் அதைப் படிக்கும். மாற்ற முடியாது, அதே சர்வரில் இருக்கும் மற்றவர்கள் படிக்கவும் முடியாது.

நிறுவும் நேரத்தில் மட்டும் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பிறகு மூட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். வேர்ட்பிரஸின் நிறுவல் திரைக்கு அமைப்புக் கோப்பை எழுத முடியாவிட்டால், எழுத வேண்டிய வரிகளைத் திரையில் காட்டி நீங்களே ஒட்டிக்கொள்ளச் சொல்லும். நிரந்தர இணைப்புகளுக்கான அப்பாச்சி விதிகளும் அப்படித்தான். இந்தப் பண்பு மற்ற மென்பொருள்களிலும் உண்டு. கல்வித் தளங்களுக்கான மென்பொருளான மூடில் தன் அமைப்புக் கோப்பை எழுத முடியாதபோது அதன் உள்ளடக்கத்தைக் காட்டுகிறது. அது பதிவேற்றங்களை வைக்கும் தரவுக் கோப்புறையை வெப் முகவரியால் எட்ட முடியாத இடத்தில் வைக்கச் சொல்கிறது. வேர்ட்பிரஸ், மூடில், துருப்பல் ஆகிய மூன்றில் மிகச் சரியான அமைப்பு மூடிலுடையது என்பது என் எண்ணம். வேர்ட்பிரஸைப் போலவே தளம் அமைக்கும் மென்பொருளான துருப்பல் அமைப்புக் கோப்பை நிறுவும்போது திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, முடிந்ததும் தானே பூட்டப் பார்க்கும். பூட்ட முடியாவிட்டால் எச்சரிக்கும், நிலை அறிக்கையிலும் விடாமல் நினைவூட்டும்.

தமிழில் தளம் நடத்துபவர்கள் இங்கே ஓரிடத்தில் இடறுவார்கள். வேர்ட்பிரஸுக்குத் தமிழ் மொழிப்பொதி, இந்தியத் தமிழ் என்றும் இலங்கைத் தமிழ் என்றும் இரண்டு உண்டு. அது உள்ளடக்கக் கோப்புறைக்குள் மொழிகளுக்கான கோப்புறையில் போய் அமர வேண்டும். அங்கே எழுத முடியாதென்று வேர்ட்பிரஸ் கண்டுகொண்டால், நிறுவலின் தொடக்கத்தில் வரும் மொழித் தேர்வுத் திரையே வராது. நேரே ஆங்கிலத்தில் தொடங்கிவிடும். தமிழ் ஆதரவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கட்டளை வரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ மூலம் உங்கள் பெயரில் மொழிப்பொதியை இறக்கிக்கொள்ளலாம்.

பதிவேற்றக் கோப்புறையை வெப் சர்வருக்கு எப்படிக் கொடுப்பது? அதன் உரிமையையே மாற்றிவிடலாம், அது எளிது. ஆனால் பிறகு நீங்கள் எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம்) மூலம் பழைய படங்களை அங்கே கொண்டுபோட முயன்றால் அனுமதி மறுக்கப்படும். இருவரும் எழுத வேண்டுமென்றால் கோப்புறையின் குழுவை வெப் சர்வரின் குழுவாக்கி, உங்களையும் அந்தக் குழுவில் சேர்த்து, 2775 கொடுங்கள். முன்னால் வரும் 2 முக்கியமானது: அது இருந்தால் உள்ளே உருவாகும் புதிய கோப்புகளும் கோப்புறைகளும் உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் இந்தக் குழுவிலேயே இருக்கும். வேர்ட்பிரஸ் மாதக் கோப்புறைகளை உருவாக்கும்போது இந்த இலக்கத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறது. நீங்கள் கையால் கொண்டுபோடும் கோப்புகளுக்கு மட்டும் உங்கள் யூமாஸ்க் (புதிய கோப்புகளிலிருந்து எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்) 002 ஆக இருக்க வேண்டும். பல சர்வர்களில் அது 022, அப்போது குழுவுக்கு எழுதும் அனுமதி விடுபட்டுப்போகும்.

இந்த வழியில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. எழுத முடிந்த இடத்தில் பிஎச்பி இயங்கக் கூடாது. 2011 ஆகஸ்டில் வெளிப்பட்ட டிம்தம்ப் ஓட்டையை நினைத்துப் பாருங்கள். ஏராளமான தீம்களோடு வந்த, படங்களின் அளவை மாற்றும் சிறு நிரல் அது. வெளித் தளத்திலிருந்து படம் என்ற பெயரில் எதையும் இழுத்து, வெப் வழியாக எட்டக்கூடிய தன் தற்காலிகக் கோப்புறையில் போட்டுவிட்டது. அப்படி வந்து விழுந்த பிஎச்பி கோப்பை உலாவியில் ஒருமுறை திறந்தால் போதும், சர்வர் அதை இயக்கிவிடும். கோப்புறையில் எழுதும் அனுமதி தேவையானதுதான், அதைத் தவிர்த்திருக்க முடியாது. அங்கே நிரல் இயங்கவும் முடிந்ததுதான் கேடு. ஆகவே உங்கள் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால் பதிவேற்றக் கோப்புறைக்கு உட்பட்ட பிஎச்பி கோப்புகள் அனைத்தையும் மறுக்கும் விதியை எழுதுங்கள். அப்பாச்சி என்றாலும் அப்படி ஒரு விதியை முதன்மை அமைப்பில் எழுதுங்கள். அந்தக் கோப்புறைக்குள்ளேயே விதிக் கோப்பை வைத்தால், அங்கே எழுத முடிந்தவர் அதையும் மாற்ற முடியும்.

எல்லாம் சரி, விலை என்ன? புதுப்பிப்பு. 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவிக்கொள்கிறது. 2020 டிசம்பரில் வந்த 5.6 முதல் புதிய தளங்களில் பெரிய பதிப்புகளுக்கும் அதுவே இயல்பு. நிரல் கோப்புகளில் வெப் சர்வரால் எழுத முடியாவிட்டால் இவை எதுவும் நடக்காது. நீங்கள்தான் சர்வரில் நுழைந்து டபிள்யூபி-சிஎல்ஐயால் புதுப்பிக்க வேண்டும், அல்லது உங்கள் பெயரில் தினமும் ஓடும் கிரான் (நேரம் குறித்து இயக்கும்) பணியாக அதை எழுதி வைக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லாத இடத்தில் இந்த வழியைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். ஓட்டை தெரிந்தும் மாதக்கணக்கில் திருத்தப்படாமல் கிடக்கும் பூட்டிய தளத்தைவிட, இரவோடு இரவாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் திறந்த தளம் மேல். இரண்டாவது வழியை முற்றாக ஒதுக்க மனமில்லை என்று சொன்னது இதற்காகத்தான். ஒரு சர்வர், ஒரு தளம், கட்டளை வரியைத் தொடவே விரும்பாத உரிமையாளர் என்றால், எல்லாம் வெப் சர்வரின் பெயரில் இருப்பதே அவருக்குக் குறைந்த தீமை. அப்படி முடிவெடுத்தாலும் பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பியைத் தடுங்கள், நிர்வாகப் பலகையில் இருக்கும் நிரல் திருத்தியை அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி முடக்குங்கள்.

சில பிளகின்கள் மூன்றாவது வழியோடு முரண்டு பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தற்காலிகச் சேமிப்புப் பிளகின்கள் உள்ளடக்கக் கோப்புறையின் மேல்மட்டத்திலேயே ஒரு பிஎச்பி கோப்பை வைக்க விரும்பும். அதற்காக முழு உள்ளடக்கக் கோப்புறையையும் திறந்துவிட்டால் இதுவரை செய்த வேலை வீண். பிளகினும் தீமும் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கோப்பை நீங்களே நகலெடுத்து வையுங்கள். தற்காலிகச் சேமிப்புக்கென்று தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் பதிவேற்றக் கோப்புறையைப் போலவே நடத்துங்கள்.

ஏசிஎல்

குழு, 2775, யூமாஸ்க் என்று சுற்றாமல், ‘இந்தக் கோப்புறையில் இந்தப் பயனரும் எழுதலாம்’ என்று நேரடியாகவே சொல்ல முடியாதா? முடியும். லினக்ஸின் ஏசிஎல் (அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்) வசதி அதற்கானது. இனிமேல் உருவாகப்போகும் கோப்புகளுக்கும் இயல்பாகப் பொருந்தும்படி எழுதிவைக்கலாம். மூன்று பேர், இரண்டு சேவைகள், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அனுமதி என்ற நிலையில் இதைவிடத் தெளிவான கருவி இல்லை.

வேர்ட்பிரஸுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஏசிஎல் உள்ள கோப்பின் நடு இலக்கம் குழுவின் அனுமதியைக் காட்டுவதில்லை. அது மாஸ்க், அதாவது பெயர் குறித்துக் கொடுத்த அனுமதிகளின் உச்சவரம்பு. வேர்ட்பிரஸ் புதுப்பிப்பின்போது தான் எழுதும் கோப்புகளுக்குப் பொதுவாகத் தானே 644 என்று அனுமதி கொடுக்கிறது. அந்த 4 வந்ததும் உச்சவரம்பு ‘படிக்க மட்டும்’ என்று இறங்கிவிடும். பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே எழுதும் அனுமதி இருக்கும், நடைமுறையில் எழுத முடியாது. காரணம் தெரியாதவர் ஒரு நாள் முழுவதையும் இதில் தொலைப்பார். கோப்புப் பட்டியலில் அனுமதிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால், அங்கே ஏசிஎல் இருக்கிறது என்று அறியுங்கள். காப்புப் பிரதி எடுக்கும்போதும் தனியாகச் சொல்லாவிட்டால் பல கருவிகள் ஏசிஎல்லை விட்டுவிடும். பல பேர் கை வைக்கும் பொதுக் கோப்புறைகளுக்கு ஏசிஎல் நல்ல தீர்வு. ஒரு வெப் தளத்துக்கு அது தேவைக்கு மிஞ்சிய சிக்கல்.

தளத்துக்கு ஒரு பயனர்

ஒரே சர்வரில் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்கள் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் இங்கே வாருங்கள். பிஎச்பியின் எஃப்பிஎம் வசதி 2010-இல் 5.3.3 பதிப்போடு மூல மென்பொருளில் சேர்ந்தது. அதில் தளத்துக்கு ஒரு பூல், அதாவது பிஎச்பியை இயக்கும் செயல்முறைகளின் தொகுதி, அமைத்து, ஒவ்வொன்றும் எந்தப் பயனரின் பெயரில் ஓட வேண்டும் என்று எழுதலாம். முதல் தளத்தின் பிஎச்பி முதல் பயனராக ஓடும், இரண்டாவது தளம் இரண்டாவது பயனராக. ஒவ்வொரு தளத்தின் கோப்புறைக்கும் 750 கொடுத்தால் ஒன்றின் நிரலால் மற்றொன்றின் கோப்பைப் படிக்கக்கூட முடியாது. ஒரு தளம் கெட்டாலும் மற்றவை பிழைக்கும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் தெருவே எரியாமலிருக்க இடையில் சுவர் எழுப்புவது போன்றது இது.

என்ஜின்எக்ஸ் தன் சொந்தப் பயனர் பெயரில்தான் படங்களையும் நடைத்தாள்களையும் (சிஎஸ்எஸ்) எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே அதை ஒவ்வொரு தளத்தின் குழுவிலும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் வரும், படங்கள் வராது. இங்கே வெப் சர்வரின் பயனர் எல்லாக் குழுவிலும் இருப்பது முன்பு சொன்ன ஆபத்தை மீண்டும் கொண்டுவராது, ஏனென்றால் பிஎச்பி அந்தப் பெயரில் ஓடவில்லை.

இதற்குள்ளும் இரண்டு கிளைகள் உண்டு. தளத்தின் கோப்புகளும் அதே பூல் பயனரின் பெயரில் இருந்தால், தானியங்கிப் புதுப்பிப்பு முதல் எல்லாம் தடையின்றி நடக்கும். எஃப்டிபி திரையும் வராது. ஆனால் அந்தத் தளத்துக்குள் நுழைந்தவர் அந்தத் தளத்தின் நிரலை மாற்ற முடியும். நிரலை உங்கள் பெயரில் வைத்துப் பதிவேற்றத்தை மட்டும் பூல் பயனருக்குக் கொடுத்தால் மூன்றாவது வழியின் பூட்டும் இதன் சுவரும் சேர்ந்துவிடும், புதுப்பிக்கும் வேலையும் கூடவே உங்கள் தலையில் ஏறும். வாடிக்கையாளர்களின் தளங்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு முதல் கிளையையே சொல்வேன். சொந்தமாக ஒரு செய்தித் தளமோ பணம் கைமாறும் கடையோ நடத்துபவர்கள் இரண்டாவது கிளையின் உழைப்பை ஏற்க வேண்டும்.

நினைவகம்தான் இதன் விலை. ஒவ்வொரு பூலும் தன் பங்குக்குப் பணியாட்களை, அதாவது அந்தச் செயல்முறைகளை, எழுப்பி வைக்கும். 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் ஐந்தாறு தளங்கள் என்றால், கோரிக்கை வரும்போது மட்டும் பணியாட்களை எழுப்பும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். முதல் பக்கம் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

எந்த வழியும் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. பிஎச்பியால் அமைப்புக் கோப்பைப் படிக்க முடிந்தாக வேண்டும், அதில் தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கிறது. ஆகவே நிரலை இயக்கும் அளவுக்கு உள்ளே வந்துவிட்டவர் தரவுத்தளத்தையும் தொடுவார், புதிய நிர்வாகிக் கணக்கை உருவாக்குவார். மூன்றாவது வழியில் அந்த நிர்வாகியால் பிளகின் எதையும் நிறுவ முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். கோப்புறை அனுமதி ஒருவர் உள்ளே தங்கிவிடுவதைக் கடினமாக்கும். நுழைவதைத் தடுப்பது புதுப்பிப்பின் வேலை.

அனுமதி சரி, ஆனாலும் எழுத முடியவில்லை

வழியைத் தேர்ந்தெடுத்து எல்லாம் அமைத்த பிறகும் பிழை நீடித்தால், எண்ணை உயர்த்திக்கொண்டே போகாதீர்கள். முதலில் மேலிருந்து கீழாகப் பாதையின் ஒவ்வொரு படியையும் பாருங்கள். நேம்ஐ என்ற கட்டளை முழுப் பாதையையும் படிப்படியாக உரிமையாளர், அனுமதியோடு காட்டும். உபுண்டு 21.04 முதல் பயனரின் இல்லக் கோப்புறை 750 என்றே உருவாகிறது. தளத்தை அதற்குள் வைத்தால், உள்ளே எத்தனை எண்களை மாற்றினாலும் வெப் சர்வரால் வாசலையே தாண்ட முடியாது. பழைய வழிகாட்டியைப் பார்த்துப் புதிய உபுண்டுவில் நிறுவுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரெட் ஹாட், ஃபெடோரா, அல்மாலினக்ஸ் போன்றவற்றில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தனி அடுக்காக நிற்கிறது. பதிவேற்றக் கோப்புறைக்கு ‘வெப் சர்வர் எழுதலாம்’ என்ற அடையாளம் இல்லாவிட்டால் 777 கொடுத்தும் எழுத முடியாது. சரியான அடையாளத்தை விதியாகப் பதிந்து, ரெஸ்டோர்கான் கட்டளையால் அமல்படுத்துங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை 777-ஐவிட மோசமானது.

மென்பொருளைத் தனிப் பெட்டியில் இயக்கும் டாக்கரில் பெயர்களை நம்பாதீர்கள், எண்களைப் பாருங்கள். டெபியன் அடிப்படையிலான வேர்ட்பிரஸ் படிமத்தில் (தயார்நிலைப் பொதியில்) வெப் சர்வர் பயனரின் எண் 33, அல்பைன் அடிப்படையிலானதில் 82. பெயர் இரண்டிலும் ஒன்றே. படிமத்தை மாற்றியதும் வெளியே வைத்திருக்கும் கோப்புறையின் உரிமை பொருந்தாமல் போய், நேற்று வரை ஏறிய படம் இன்று ஏறாது. கோப்புறையின் உரிமையைப் புதிய எண்ணுக்கு மாற்றினால் தீர்ந்தது.

ஏற்கெனவே 777 பரவிவிட்ட தளத்தைத் திருத்துபவர்கள், முழு மரத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டாம். 755-ஐ எல்லாவற்றுக்கும் கொடுத்தால் படங்களும் இயக்கக்கூடியவை ஆகிவிடும். 644-ஐ எல்லாவற்றுக்கும் கொடுத்தால் கோப்புறைக்குள் யாரும் நுழைய முடியாது. ஃபைண்ட் கட்டளையால் கோப்புறைகளைத் தனியாகவும் கோப்புகளைத் தனியாகவும் பிரித்துக் கொடுங்கள். அனுமதிக்கு முன்னால் உரிமையைச் சரிசெய்யுங்கள், அமைப்புக் கோப்பையும் பதிவேற்றக் கோப்புறையையும் கடைசியில் தனித்தனியாக அமையுங்கள். அதன் பிறகு பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி என்று முடியும் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சில பிளகின்கள் அங்கே வெற்றுக் கோப்பு ஒன்றை வைப்பதுண்டு, அது தீங்கற்றது. அதைத் தவிர வேறு எது கிடைத்தாலும் திறந்து படித்துப் பாருங்கள்.

கடைசியாக, வெப் சர்வரின் பயனராகவே சோதியுங்கள். சூடோ கட்டளை மூலம் அந்தப் பயனரின் பெயரில் பதிவேற்றக் கோப்புறையில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கினால் வெற்றி பெற வேண்டும். பிளகின் கோப்புறையில் உருவாக்கினால், மூன்றாவது வழியை எடுத்தவர்களுக்கு அது தோற்க வேண்டும். காப்புப் பிரதியிலிருந்து தளத்தை மீட்கும் ஒவ்வொரு முறையும் இதே இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். நிர்வாகியாக நுழைந்து மீட்கும்போது கோப்புகளின் உரிமை வேறொருவரின் பெயருக்குப் போய்விடுவது வழக்கமாக நடப்பதுதான்.